பதினைந்தாம் தேதி மட்டும் காலி

என்றைக்கோ ஒரு கப்பல் நடுக்கடலில் மூழ்கியதற்கும், இன்றைக்கு ஒருவருக்குக் கண்ணில் ஆபரேஷன் நடப்பதற்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கதையை முதன்முதலில் கேட்டபோது இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. டாக்டரம்மாவுக்கும் தெரியவில்லை, அவரோ வருடக்கணக்கில் படித்தவர். தெரிந்த ஒரே ஆள் தேதியக்கா. அந்தச் சம்பந்தத்தை உண்டாக்கியவரே அவர்தான் என்பதால் அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

தேதியக்கா கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி எழுதிக் கொடுப்பவர். கீழ்த்தளத்தில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட கவுன்டர். பேசுவதற்குக் கண்ணாடியில் ஒரு வட்ட ஓட்டை. நெட்டையானவர்கள் அதற்காகக் குனிய வேண்டும், குட்டையானவர்கள் எக்க வேண்டும். அந்த ஓட்டை சரியாக வாய்க்கு நேரே வந்தது அதைப் போட்டுக் கொடுத்த தச்சருக்கு மட்டும்தான். உள்ளே அக்கா, ஒரு பெரிய ரிஜிஸ்டர், நூலில் கட்டிய பேனா. மேலே டாக்டரம்மா ஒரு நாளைக்கு ஆறு பேருக்குக் கண்புரை எடுப்பார். ரிஜிஸ்டரில் ஒவ்வொரு தேதிக்கும் ஆறு கோடு. அந்தக் கோடுகளில் பெயர் எழுதுவதுதான் அக்காவின் வேலை.

பெயர் எழுதுவது சுலபம். எழுதிய பெயருக்குச் சொந்தக்காரர் அன்றைக்கு வந்து சேர வேண்டுமே! "பதினொண்ணாம் தேதி. காலையில ஏழு மணி. தலைக்குக் குளிச்சிட்டு வாங்க" என்று அக்கா சொன்னதுமே எதிரில் நிற்பவர் முகத்தில் ஈயாடாது. பத்தாம் தேதி அவருக்குக் காய்ச்சல் வரும். இல்லாவிட்டால் தூரத்து உறவில் யாருக்காவது வரும். ஆறு பேரில் இரண்டு பேர் காணாமல் போவார்கள். டாக்டரம்மா கையுறை மாட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்.

இதை மாற்றியது ஒரு தபால்காரர். முப்பது வருடம் தெரு நாய்களைச் சமாளித்தவர். கண்ணில் கை வைக்கப்போகிறார்கள் என்றதும் கவுன்டரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அவருக்கு அக்கா எழுதிய தேதி ஜூலை இருபது.

"அன்னிக்கு என்ன நாள்னு தெரியுமா உங்களுக்கு?" என்று அக்கா கேட்டார். அன்று காலையில்தான் ஒரு பழைய வினாடி வினா புத்தகத்தைப் புரட்டியிருந்தார்.

"தெரியாதும்மா."

"மனுஷன் நிலாவுல போய் இறங்கின நாள். அவங்க அத்தனை தூரம் போயிட்டு வந்தாங்க. நீங்க மாடி ஏறிப் படுத்துட்டு வரப்போறீங்க, அவ்வளவுதான்."

தபால்காரர் கவுன்டரை விட்டுக் கையை எடுத்தார். பிறகு சிரித்தார். ஜூலை இருபதாம் தேதி காலை ஆறரை மணிக்கே வந்து நின்றார்.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே ஒரு தடித்த நோட்டு வாங்கினார். ஒரு தேதிக்கு ஒரு பக்கம். நூலகத்தில் இருந்த கலைக்களஞ்சியங்களை ஒன்று விடாமல் புரட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் உலகத்தில் அன்றைக்கு நடந்த நல்ல சேதி ஒன்றை எழுதினார். மார்ச் பத்து, டெலிபோனில் முதன்முதலாகப் பேசிய நாள். மே இருபத்தொன்பது, எவரெஸ்டில் ஏறிய நாள். ஜனவரி ஏழு, கலிலியோ தொலைநோக்கி வழியாக வியாழனைச் சுற்றும் துணைக்கோள்களைக் கண்ட நாள். கண் ஆஸ்பத்திரிக்கு இதைவிடப் பொருத்தமான நாள் உண்டா? ஜனவரி ஏழுக்கு ஆறு கோடு போதாமல் ஓரத்தில் பென்சிலால் எழுத வேண்டிவந்தது.

எல்லாரும் எளிதில் மடங்கினார்கள் என்று சொல்ல முடியாது. கொத்தனாருக்கு நவம்பர் ஒன்பதைக் கொடுத்து, "பெர்லின் சுவர் விழுந்த நாள்" என்றார் அக்கா. கொத்தனாருக்குக் கோபம் வந்துவிட்டது. "சுவர் விழுறது உங்களுக்கு நல்ல நாளா? கட்டினது எந்த நாளுன்னு பாருங்கம்மா, அன்னிக்கு வரேன்" என்றார்.

பேக்கரிக்காரருக்கு டிசம்பர் பதினேழு. "முதல் விமானம் பறந்த நாள்."

"எவ்வளவு நேரம் பறந்துச்சு?"

"பன்னிரண்டு வினாடி."

"நமக்கு ஆபரேஷன் எவ்வளவு நேரம்?"

"கால் மணி நேரம்."

"கணக்கு இடிக்குதே அக்கா. கொஞ்சம் அதிக நேரம் பறந்த நாளாப் பாருங்க."

அக்கா நோட்டைப் புரட்டி, மனிதன் விண்வெளிக்குப் போய் நூற்றெட்டு நிமிடத்தில் பூமியைச் சுற்றித் திரும்பிய ஏப்ரல் பன்னிரண்டைக் கொடுத்தார். அவருக்கு ரொம்ப சந்தோஷம்.

இப்படியே போயிருந்தால் கதையே கிடையாது. தையல்காரர் வந்து கெடுத்தார். அவருக்கு ஜனவரி பதினேழு எழுதி, "இங்கிலீஷ்காரங்க தென் துருவத்துல போய்ச் சேர்ந்த நாள்" என்று சொல்லியிருந்தார் அக்கா. பதினாறாம் தேதி சாயங்காலம் தையல்காரர் மகளோடு வந்து நின்றார். மகள் கையில் பள்ளிக்கூடத்துப் புத்தகம்.

"அவங்க ரெண்டாவதாத்தான் போனாங்களாமே. முதல்ல போனவங்க டிசம்பர் மாசமே போயாச்சாம்" என்றார் தையல்காரர்.

"ரெண்டாவதா இருந்தா என்ன? போனாங்கள்ல?"

"திரும்பி வந்தாங்களா?"

அக்கா நோட்டை மூடிவிட்டார். அவர்கள் திரும்பும் வழியிலேயே பனியில் செத்துப்போனது அவருக்குத் தெரியும். அதை எழுதாமல் விட்டதும் அவர்தான்.

அன்றிலிருந்து நோட்டில் பாதிப் பொய் வேண்டாம் என்று முடிவு செய்தார். நல்லதை நீல மையிலும் கெட்டதைச் சிவப்பு மையிலும் எழுத ஆரம்பித்தார். நேர்மையான முடிவுதான். ஆனால் அதோடு பிடித்தது சனி. சேதி பரவி, கவுன்டருக்கு வருகிறவர்களெல்லாம் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, "மறைக்காமச் சொல்லுங்கக்கா, நீலம் இருக்கட்டும், சிவப்புல என்ன?" என்று கேட்டார்கள். பூகம்பம் வந்த நாள், ரயில் கவிழ்ந்த நாள், போர் தொடங்கிய நாள் எல்லாம் காலியாகிக்கொண்டே போயின. நல்ல நாட்களில் நெரிசல். ஒருநாள் டாக்டரம்மா ரிஜிஸ்டரைப் பார்க்கக் கீழே இறங்கி வந்தார்.

"அக்கா, ஏப்ரல் பதினஞ்சு ஏன் ஒரு பேர்கூட இல்ல?"

"அன்னிக்கு டைட்டானிக் கப்பல் மூழ்கிடுச்சு டாக்டர்."

"எப்போ?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டுல."

"அதுல நம்ம பேஷன்ட் யாராவது இருந்தாங்களா?"

"இல்ல டாக்டர்."

டாக்டரம்மா இரண்டு கையாலும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு மாடி ஏறிப் போய்விட்டார். எந்தப் பாடப் புத்தகத்திலும் இதற்கு மருந்து எழுதியிருக்கவில்லை.

இனி தேதியக்காவின் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். மாணவர்கள் பக்கம் ஒரு பிரேக், அவர் காலடியில் இன்னொரு பிரேக். அந்த இரண்டாவது பிரேக்கை அவர் மிதிக்கிற மிதியில் ஊரே அவரை பிரேக் வாத்தியார் என்றது. அக்கா இரவுச் சாப்பாட்டின்போது நோட்டில் அன்றைக்கு எழுதியதைச் சொல்வார். வாத்தியார் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார். உலகத்தில் நடந்த அத்தனை விபத்தும் அவருக்கு மனப்பாடம்.

மார்ச் மாதக் கடைசியில் ஒருநாள், மாடி வார்டு நர்ஸ் கவுன்டருக்கு வந்தாள். அவள் வாத்தியாரிடம் கார் பழகிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் மாதிரி சொல்லிக் குடுக்க ஆளே கிடையாது. கவனம் சிதறவே விடமாட்டேங்கறாரு. ஒவ்வொரு சிக்னல்லயும் என்ன கலர்னு கேக்கறாரு. போர்டு வந்தா சத்தமாப் படிக்கச் சொல்றாரு. நேத்து எதுத்தாப்புல வர்றது பஸ்ஸா லாரியான்னு கேட்டாரு."

அக்காவின் பேனா நின்றுவிட்டது. "நீ என்ன சொன்ன?"

"தண்ணி லாரின்னு சொன்னேன். கரெக்ட்னு சொன்னாரு."

அன்று வீட்டுக்குப் போனதும் அக்கா வாத்தியாருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து நான்கு விரலைக் காட்டினார்.

"ஏங்க, இது எத்தனை விரல்?"

"நீ என்கிட்ட நீட்டறது எப்பவும் ஒரு விரல்தானே?"

மறுநாளே அவரை இழுத்துக்கொண்டு போய் டாக்டரம்மா முன்னால் உட்கார வைத்தார். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் பால் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தது. முதலில் அதை எடுத்தாக வேண்டும். வாத்தியாருக்கு மே இருபதாம் தேதி லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் பரிசோதனை. ஆபரேஷன் முடிந்து கண் நிலைக்கு வர ஒரு மாதமாவது ஆகும் என்றார் டாக்டரம்மா. அதாவது ஏப்ரல் இருபதுக்குள் முடித்தால்தான் உண்டு. பரிசோதனையில் தவறினால் லைசென்ஸ் போச்சு, லைசென்ஸ் போனால் வேலை போச்சு.

அக்கா கீழே வந்து ரிஜிஸ்டரைத் திறந்தார். ஏப்ரல் மூன்று, கையில் பிடிக்கும் செல்போனில் முதன்முதலாகப் பேசிய நாள், நிரம்பிவிட்டது. பன்னிரண்டு நிரம்பிவிட்டது. பதினேழு, பழுதான விண்கலத்தில் போன மூன்று பேரும் பத்திரமாகக் கடலில் வந்து இறங்கிய நாள். ஓரத்தில் பென்சிலால்கூட இடமில்லை. இருபது வரைக்கும் மற்ற நாட்களும் மிச்சமில்லை. ஒரே ஒரு பக்கம் மட்டும் ஆறு கோடும் வெள்ளையாக விழித்துக்கொண்டிருந்தது. அன்று இரவு சாப்பாட்டின்போது அக்கா அதை வாத்தியாரிடம் சொன்னார்.

"பதினஞ்சாம் தேதியா?" என்றார் வாத்தியார். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "ஏன், என்மேல அவ்வளவு கோவமா உனக்கு?"

"வேற நாள் இல்லீங்க."

"ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் நிலாவும் எவரெஸ்டும். கட்டின புருஷனுக்கு டைட்டானிக்கா?"

"அன்னிக்குத்தான் லியொனார்டோ டாவின்சி பொறந்தாரு. எவ்வளவு பெரிய ஓவியர்!"

"அவர் பொறக்கறதுக்குப் போனாரு. நான் அறுக்கறதுக்குப் போறேன்."

அக்கா விடவில்லை. மறுநாள் நூலகத்துக்கு ஓடினார். அதே பதினைந்தாம் தேதி விடியற்காலையில் இன்னொரு கப்பல் வந்து எழுநூறு பேருக்கு மேல் காப்பாற்றியதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"காப்பாத்தின கப்பல் எத்தனை மணிக்கு வந்துச்சு?" என்றார் வாத்தியார்.

"நாலு மணிக்கு."

"மூழ்கினது?"

"ரெண்டேகாலுக்கு மேல."

"அப்ப டாக்டரம்மா என் கண்ணை மூழ்கடிச்சிட்டுப் போயிடுவாங்க, ஒன்றரை மணி நேரம் கழிச்சு வேற டாக்டர் வந்து எடுப்பாரு. அதானே?"

இதற்குள் விஷயம் வாத்தியாரின் தங்கை காதுக்கும் எட்டிவிட்டது. போனில் கூப்பிட்டு, "என்ன அண்ணி, எங்க அண்ணனுக்கு டிக்கெட் போட்டாச்சாமே? லைஃப் ஜாக்கெட் நீங்க குடுப்பீங்களா, நாங்க கொண்டு வரணுமா?" என்று கேட்டாள்.

வேறு வழியில்லாமல் அக்கா, நல்ல நாட்களில் பெயர் கொடுத்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பதினைந்தாம் தேதிக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று கெஞ்சினார். பேக்கரிக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அக்கா, நான் விண்வெளிக்குப் போறதுக்குப் பெட்டி கட்டி வெச்சிருக்கேன். என்னை இறக்கிக் கப்பல்ல ஏத்தறீங்களே, நியாயமா?"

"அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க. தேதியில என்ன இருக்கு?"

"இதை நீங்க முதல்லயே சொல்லியிருந்தா நான் டிசம்பர்லயே பண்ணியிருப்பேனே!"

அக்கா போனை வைத்துவிட்டு நோட்டை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பயத்தைப் போக்குவதாக நினைத்து, தானே ஊருக்குப் பயத்தைப் பங்கு போட்டுக் கொடுத்திருப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வாத்தியார் காலையில் காரை எடுக்கும்போதெல்லாம், அவர் திரும்பி வரும்வரை அக்காவுக்குக் கவுன்டரில் இருப்புக் கொள்ளவில்லை. கார் எடுக்க வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். "என் பக்கம் பிரேக் இருக்கு" என்று வாத்தியார் ஒற்றைக்காலில் நின்றார்.

ஏப்ரல் பன்னிரண்டு வந்தது. பேக்கரிக்காரருக்குக் காலையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண்ணில் கட்டோடு கவுன்டர் பக்கம் வந்து, "பூமியைச் சுத்திட்டு வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மத்தியானம் மூன்று மணிக்கு நர்ஸ் ஓடிவந்தாள். பின்னால் வாத்தியார். சட்டை முழுக்கச் சுண்ணாம்புத் தூள். அவர் நேராக உள்ளே வரவில்லை. மற்றவர்களோடு வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் குனிந்து ஓட்டை வழியாகப் பேசினார்.

"இன்னிக்கு என்ன நாள்?"

"என்னாச்சுங்க? அடி பட்டுதா?"

"அதெல்லாம் இல்ல. கேட்டதுக்குச் சொல்லு. என்ன நாள்?"

"மனுஷன் விண்வெளிக்குப் போய் நல்லபடியாத் திரும்பின நாள்."

"நல்ல நாள்தானே?"

"நோட்டுலயே ரொம்ப நல்ல நாள்."

"அந்த நல்ல நாள்ல நான் பார்க் சுவரைப் பார்த்து லாரின்னு நினைச்சுட்டேன். காரைப் பின்னால எடுத்துக் காட்டறேன்னு பக்கத்து சீட்டுல இருந்தே நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சேன். இந்தப் பொண்ணு சுவர் சுவர்னு கத்தறா. நான், ஹாரன் அடி, தானா ஒதுங்கும்னு சொன்னேன்."

"ரெண்டு தடவை அடிச்சேன்க்கா. ஒதுங்கல" என்றாள் நர்ஸ்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை. இன்னும் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தச் சுவரோரமா ஒரு அம்மா தள்ளுவண்டியில குழந்தையை வெச்சுக்கிட்டு நின்னாங்களாம். நகர்ந்து ஒரு நிமிஷம்தான் ஆச்சாம். அவங்க நின்னதும் எனக்குத் தெரியல, போனதும் தெரியல."

அக்கா பேனாவைக் கீழே வைத்தார். ஓட்டை வழியாக விரலை நீட்டி அவர் சட்டைக் காலரில் இருந்த தூளைத் தட்டிவிட்டார்.

"பதினஞ்சாம் தேதி இன்னும் காலியா இருக்கா?" என்றார் வாத்தியார்.

"ஆறு இடமும் இருக்கு."

"ஒண்ணுல என் பேரை எழுது. ஜன்னலோரமாப் பார்த்துப் போடு."

பதினைந்தாம் தேதி காலை. டாக்டரம்மாவுக்கு அன்றைக்கு ஒரே ஒரு நோயாளி. அவசரமே இல்லை. வாத்தியாரின் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே சின்னதாகத் திறப்பார், எதை எடுப்பார், எந்த லென்ஸை வைப்பார் என்று படம் போட்டுக் காட்டினார். ஆறு பேர் இருக்கும் நாளில் ஒருவருக்கும் இந்த யோகம் கிடைத்ததில்லை. உள்ளே படுத்த பிறகு வாத்தியார், "டாக்டர், லைஃப் போட் இருக்கா?" என்று கேட்டாராம். "பேசாம படுங்க, நான் நல்லா நீந்துவேன்" என்றாராம் டாக்டரம்மா.

வெளியே பெஞ்சில் அக்கா கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடத்தில் அந்தப் பெஞ்சில் அவர் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். கால் மணி நேரம் அவ்வளவு நீளம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கதவு திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"மூழ்கலக்கா."

அக்கா சிரிக்க ஆரம்பித்து அழுதுவிட்டார்.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். வாத்தியார் ஜன்னலுக்குப் போய், எதிர்த்தெருவில் இருந்த போர்டுகளை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தார். மருந்துக்கடை, சைக்கிள் கடை, 'இங்கே வண்டி நிறுத்தாதீர்'. நிறுத்தச் சொன்னபோதும் நிறுத்தவில்லை. பிறகு திரும்பி அக்காவைப் பார்த்தார்.

"உனக்கு எப்ப இவ்வளவு முடி நரைச்சுது?"

"நாலு வருஷம் ஆச்சு."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

மே இருபதாம் தேதி பரிசோதனையில் கடைசி வரியைப் படிக்கச் சொன்னார்கள். வாத்தியார் அதைப் படித்துவிட்டு, அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தார். லைசென்ஸ் கிடைத்துவிட்டது.

இதோடு அக்கா நோட்டை மூடியிருப்பார். ஊர் விடவில்லை. டைட்டானிக் நாளில் கூட்டமே இல்லாமல், டாக்டரம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து படம் போட்டுக் காட்டிய கதையை வாத்தியார் கார் பழக வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார். அவர்கள் வீட்டில் போய்ச் சொன்னார்கள். முதலில் ஓடி வந்தவர் பேக்கரிக்காரர். அவருக்கு இன்னொரு கண் பாக்கி இருந்தது.

"அக்கா, போன தடவை விண்வெளியில ஒரே நெரிசல். மூணு மணி நேரம் உட்கார வெச்சுட்டாங்க. இந்தத் தடவை ஏதாவது பெரிய விபத்து நடந்த நாளாப் பார்த்துப் போடுங்களேன்."

அவருக்குப் பின்னால் தையல்காரர், எரிமலை வெடித்த நாள் ஏதாவது உண்டா என்று கேட்டுக்கொண்டு நின்றார். சிவப்பு மை நாட்களெல்லாம் நிரம்ப ஆரம்பித்தன. அடுத்த ஏப்ரல் பதினைந்துக்கு இப்போதே ஆறு பேர், ஓரத்தில் பென்சிலால் மூன்று பேர். போன வாரம் டாக்டரம்மா மறுபடியும் கீழே இறங்கி வந்து ரிஜிஸ்டரைப் பார்த்தார்.

"அக்கா, ஜனவரி ஏழு ஏன் காலியா இருக்கு?"

"அன்னிக்குக் கெட்டது எதுவும் பெரிசா நடக்கல டாக்டர்" என்றார் தேதியக்கா.

அதற்குப் பிறகு வாத்தியாரின் இடது கண் ஆபரேஷனை அந்த ஜனவரி ஏழில்தான் எழுதியிருக்கிறார்கள். மீதி ஐந்து கோடும் இன்னும் காலி. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கண் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிக்கொண்டு போகாமல் தள்ளிப்போடுகிறவர் யாராவது இருந்தால், இந்தக் கதையை அவரிடம் கொண்டுபோய்ச் சேருங்கள். காகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். அவர் கண்ணுக்கு எழுத்து தெரியாமல் இருக்கலாம். கொஞ்சம் உட்கார்ந்து, சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.